எழுதப்பட்ட நாளும் எழுதப்படாத நாளும்

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி ஏப்ரல் 14 அன்று நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரை)

அண்ணல் அம்பேத்கர் பிறந்த இந்நன்னாளில் எமக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, 'மாணவர் அறிய வேண்டிய நாட்கள்' என்பதாகும். அறிய வேண்டிய நாட்கள் பல. அவை அனைத்தையும் அடுக்கிக் கூறினால், கேட்பவர் நினைவில் ஒன்றும் தங்காது. ஆகையால் ஒரே ஒரு நாளை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்நாளில் உலகில் என்னென்ன நிகழ்ந்தன, அவற்றுள் எவை எழுதப்பட்டன, எவை எழுதப்படாமல் போயின என்பதை உங்கள்முன் வைக்க விழைகின்றோம். அந்நாள் இன்றைய நாளே, ஏப்ரல் 14.

இவ்வெண்ணம் எமக்குத் தோன்றியதற்கு ஒரு காரணம் உண்டு. எம் பள்ளியில் காலை வழிபாட்டுக் கூட்டத்தின் இறுதியில், மாணவர் ஒருவர் முன்வந்து 'இந்நாளில்' என்னும் குறிப்பினைப் படிப்பது வழக்கம். அந்நாளில் பிறந்த பெரியோர், மறைந்த சான்றோர், நிகழ்ந்த போர், கண்டறியப்பட்ட பொருள் ஆகியவற்றை நான்கைந்து வரிகளில் எழுதிப் படிப்பார். பின்னர் அவ்வரிகள் வாயிலருகே உள்ள கரும்பலகையில் நாள் முழுதும் நிற்கும். ஒருநாள் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எம் அறைக்கு வந்து, "ஐயா, இந்தப் பலகையில் எங்கெங்கோ உள்ளவர் பெயரெல்லாம் வருகிறது. நம் தெருவில் இருப்பவர் பெயர் ஒருநாளும் வருவதில்லையே, ஏன்?" என்று வினவினாள். 'அவர்களெல்லாம் பெரிய செயல் செய்தவர்கள்' என்று கூறி அவளை அனுப்பிவைத்தோம். கூறிய பின்னர் அவ்விடை எமக்கே நிறைவளிக்கவில்லை. அவள் வினாவுக்கு யாம் தேடிய விடையே இவ்வுரை.

முதற்கண், கரும்பலகையில் வழக்கமாக இடம்பெறும் செய்திகளைப் பார்ப்போம்.

1629-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள், ஆலந்து நாட்டில் கிறித்தியான் ஐகன்சு என்னும் அறிவியலறிஞர் பிறந்தார். சனிக்கோளின் பெரிய துணைக்கோளாகிய டைட்டனை 1655-இல் கண்டறிந்தவர் அவர். அடுத்த ஆண்டே ஊசற் கடிகாரத்தை அமைத்தார். அதற்கு முன்னர் இருந்த கடிகாரங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 15 நிமிடம் பிழைபட்டன. அவருடைய கடிகாரத்தினால் அப்பிழை சில நொடிகளாகக் குறைந்தது. பள்ளி மணி பத்து அடிக்கிறதென்றால், அதன் பின்னால் அவருடைய உழைப்பும் நிற்கின்றது.

1912-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் இரவு 11.40 மணிக்கு, டைட்டானிக் என்னும் பெருங்கப்பல் பனிப்பாறையில் மோதிற்று. அது மூழ்கியது மறுநாள் விடியற்காலை 2.20 மணிக்கு. ஆகவே மோதிய நாள் 14, மூழ்கிய நாள் 15 என்று பிரித்தறிதல் வேண்டும். ஏறத்தாழ 1,500 பேர் மாண்டனர். இச்செய்தியை அறியாத மாணவர் இல்லை. திரைப்படத்தின் வாயிலாகவும் அறிந்துள்ளனர். ஆனால் அக்கப்பலில் முதல் இரு வகுப்புகளில் பயணம் செய்த குழந்தைகளுள் ஏறக்குறைய அனைவரும் பிழைத்தனர் என்பதையும், மூன்றாம் வகுப்பில் சென்ற ஏழைக் குழந்தைகளுள் பெரும்பாலோர் மாண்டனர் என்பதையும் நம் கரும்பலகை ஒருநாளும் கூறியதில்லை.

1944-ஆம் ஆண்டு இதே நாளில் பம்பாய்த் துறைமுகத்தில் ஒரு பெருந்துயரம் நிகழ்ந்தது. 'போர்ட் ஸ்டிக்கின்' என்னும் கப்பல் பஞ்சுப் பொதிகளையும், ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருளையும், பொற்கட்டிகளையும் ஏற்றி வந்து நின்றது. பிற்பகலில் பஞ்சில் தீப்பற்றிற்று. நான்கு மணியளவில் கப்பல் வெடித்துச் சிதறிற்று. அரை மணி நேரத்திற்குள் மீண்டும் ஒருமுறை வெடித்தது. தீயை அணைக்கச் சென்று உயிர்நீத்த 66 வீரர்களின் நினைவாகவே, இந்நாள் தீயணைப்புப் பணி நாளாக நாடெங்கும் இன்றும் கடைப்பிடிக்கப்படுகின்றது. வெடித்த வேகத்தில் ஒரு பொற்கட்டி நெடுந்தொலைவு பறந்து சென்று ஒரு வீட்டில் விழுந்தது. வீட்டுக்காரர் அதனைத் திருப்பி ஒப்படைத்தார். கடலில் மூழ்கிய கட்டிகள் பல ஆண்டுகளுக்குப் பின்னரும் சேற்றிலிருந்து எடுக்கப்பட்டன. பொன்னுக்குக் கணக்கு இருந்தது. மாண்ட மக்களின் எண்ணிக்கையோ 800 என்று ஒரு நூலிலும், 1,300 என்று மற்றொரு நூலிலும் காணப்படுகின்றது. துறைமுகத்தில் மூட்டை சுமந்தோரையும், அருகே குடிசைகளில் வாழ்ந்தோரையும் முன்னரே பெயர் எழுதி வைத்தவர் எவர்? எழுதி வைத்திருந்தால் அன்றோ எண்ணிப் பார்க்க இயலும்!

இங்கே ஓர் உண்மை நமக்குப் புலனாகின்றது. கரும்பலகையில் வருவது நிகழ்ந்தவை அனைத்தும் அன்று. நிகழ்ந்தவற்றுள் எழுதப்பட்டவை மட்டுமே. அவற்றுள்ளும், எழுதியவர் பெரிதென்று கருதியவை மட்டுமே.

இனி, அதே ஏப்ரல் 14-இல் நிகழ்ந்து, நம் கரும்பலகைக்கு வராத செய்திகள் சிலவற்றைக் கூறுகின்றோம். இவை கடல் கடந்த நாட்டில் நிகழ்ந்தவை. எனினும் நம் கதைக்கு மிக அண்மையில் உள்ளவை.

1775-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் சிலர் கூடி ஒரு சங்கம் அமைத்தனர். சட்டத்திற்கு மாறாக அடிமைகளாகப் பிடித்து வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்களை மீட்பது அதன் நோக்கம். அந்நாட்டில் அடிமை முறையை எதிர்த்து எழுந்த முதற் சங்கம் அதுவே என்பர். பிற்காலத்தில் பெஞ்சமின் பிராங்கிளின் அதன் தலைவராக விளங்கினார். சிறு கூட்டமாகக் கூடிச் சங்கம் அமைப்பதனால் யாது பயன் என்று நம்மை இகழ்வோர்க்கு, இந்நிகழ்ச்சி ஒரு விடை.

1828-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள், நோவா வெப்ஸ்டர் தம் பேரகராதியை வெளியிட்டார். எழுபதாயிரம் சொற்களைக் கொண்ட அந்நூலை வெளியிட்டபோது அவருக்கு வயது 69. இளமையில் பள்ளியாசிரியராக இருந்தவர் அவர். சிறுவர்க்கென அவர் எழுதிய எழுத்துக்கூட்டல் நூல் அமெரிக்கா எங்கும் பரவிற்று. அந்நூலின் ஒரு படி, படிப்பு மறுக்கப்பட்ட ஒரு சிறுவனின் கைக்கும் எட்டிற்று. அச்சிறுவனைப் பற்றியே இனிக் கூறப்போகின்றோம்.

அவன் பெயர் பிரெடரிக். மேரிலாந்து மாநிலத்தில் 1818-ஆம் ஆண்டளவில் அடிமையாகப் பிறந்தவன். எந்த நாளில் பிறந்தான் என்பது அவனுக்குத் தெரியாது. அடிமைகளுக்கு வயதைத் தெரிவிப்பது உடைமையாளர்க்கு விருப்பமான செயல் அன்று. வெள்ளைச் சிறுவர்கள் தம் வயதைக் கூறும்போது, தனக்கு மட்டும் ஏன் அது மறுக்கப்பட்டது என்று அவன் சிறு பருவத்திலேயே வருந்தினான். பிற்காலத்தில் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதியபோது, தம் வயதைத் துல்லியமாக அறியாமையை அதன் தொடக்கத்திலேயே அவர் பதிவு செய்துள்ளார்.

பால்டிமோர் நகரில் எசமானன் வீட்டு அம்மையார் அவனுக்கு எழுத்துகளைக் கற்பிக்கத் தொடங்கினார். கணவர் தடுத்துவிட்டார், படித்தவன் அடிமையாக இருக்கமாட்டான் என்பது அவர் கண்ட காரணம். அத்தடையே படிப்பின் ஆற்றலைச் சிறுவனுக்கு உணர்த்திற்று. தெருவில் வெள்ளைச் சிறுவர்களுக்கு ரொட்டி கொடுத்து அவர்களிடம் பாடம் கேட்டான். கப்பல் கட்டும் தளத்தில் மரத்துண்டுகள்மேல் எழுதிய குறிகளைப் பார்த்து எழுத்துப் பழகினான். வெப்ஸ்டரின் எழுத்துக்கூட்டல் நூலை வைத்துக்கொண்டு, அதனைப் பாராமலே எழுத வரும்வரை படியெடுத்தான். 1838-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள் அடிமைத்தளையிலிருந்து தப்பினான். அவரே அமெரிக்காவின் மாபெரும் பேச்சாளருள் ஒருவராக விளங்கிய பிரெடரிக் டக்ளஸ்.

தமக்குப் பிறந்த நாள் இல்லாத குறையை அவர் எங்ஙனம் தீர்த்துக்கொண்டார்? அவருடைய தாய் வேறு பண்ணையில் உழைத்தவர். இரவில் நெடுந்தொலைவு நடந்து வந்து மகனைப் பார்த்துவிட்டு, விடியுமுன் திரும்புவார். ஒருமுறை இதய வடிவில் செய்த பணியாரம் ஒன்றை மகனுக்குக் கொடுத்தார். அந்நினைவைக் கொண்டு, அன்பர் நாளாகிய பிப்ரவரி 14-ஐத் தம் பிறந்த நாளாக அவர் தேர்ந்துகொண்டார். பதிவேடு மறுத்ததைத் தாயின் நினைவு கொடுத்தது. 1926-இல் கார்ட்டர் உட்சன் என்னும் கறுப்பின வரலாற்றறிஞர் தம் மக்களின் வரலாற்று வாரத்தைத் தொடங்கியபோது, பிப்ரவரி 12-ஆகிய லிங்கன் பிறந்த நாளையும், 14-ஆகிய டக்ளஸ் பிறந்த நாளையும் உள்ளடக்கிய வாரத்தையே தேர்ந்தெடுத்தார். தானே தேர்ந்துகொண்ட ஒரு நாள், ஓர் இனத்தின் திருநாளாயிற்று.

மீண்டும் நம் ஏப்ரல் 14-க்கு வருவோம். அடிமைகளை விடுவிக்கும் அறிவிப்பை 1863 சனவரி 1-இல் வெளியிட்ட ஆபிரகாம் லிங்கன், 1865-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் வெள்ளிக்கிழமை இரவு நாடக அரங்கில் சுடப்பட்டார். மறுநாள் காலை உயிர்நீத்தார். இதனைக் கரும்பலகை அறியும். அதன் பின்னர் நிகழ்ந்ததை அறியாது. லிங்கன் இறந்த செய்தி கேட்டு, விடுதலை பெற்ற அடிமைப் பெண்ணாகிய சார்லட் ஸ்காட் என்பார், அவருக்கு ஒரு நினைவுச் சின்னம் வேண்டும் என்று தாம் உழைத்து ஈட்டிய ஐந்து டாலரைக் கொடுத்தார். அதனைத் தொடக்கமாகக் கொண்டு, விடுதலை பெற்ற மக்களின் காசு சேர்ந்தது. 1876-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள், குடியரசுத் தலைவர் கிராண்ட் முன்னிலையில், வாசிங்டன் நகரில் அச்சிலை திறந்துவைக்கப்பட்டது. அன்று சிறப்புரையாற்றியவர், பிறந்த நாள் அறியாத அந்தப் பிரெடரிக் டக்ளஸ்.

அவ்வுரையின் தன்மையை நம் இளைஞர்கள் சிறிது சிந்தித்தல் வேண்டும். அவர் லிங்கனை வானளாவப் புகழ்ந்துவிட்டு அமரவில்லை. லிங்கன் முதன்மையாக வெள்ளையரின் தலைவராகவே இருந்தார் என்பதையும், கறுப்பின மக்கள் திறத்தில் காலம் தாழ்த்தினார் என்பதையும், தலைவர்கள் அமர்ந்திருந்த அவையிலேயே எடுத்துரைத்தார். அதன் பின்னர், அவர் செய்த பணியின் பெருமையையும் குறைவின்றிக் கூறி நன்றி செலுத்தினார். ஒருவர் நாளைக் கொண்டாடுதல் என்பது அவரை நிறுத்துப் பார்த்து நன்றி கூறுதலாகும். கண்மூடி வணங்குதல் அன்று. அண்ணல் அம்பேத்கரும் 1949 நவம்பர் 25-இல் அரசியல் நிர்ணய சபையில் இதனையே எச்சரித்தார். அரசியலில் தனிமனித வழிபாடு கேட்டிற்கே வழிகோலும் என்பது அவர் கருத்து. அவருடைய பிறந்த நாளிலேயே அதனை மறந்துவிடலாகாது.

அச்சிலை திறக்கப்பட்ட நாளிலிருந்து சரியாகப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1891-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள், மாவ் என்னும் படைமுகாம் நகரில் பீமராவ் பிறந்தார். தந்தையார் ராம்ஜி சக்பால் படையில் சுபேதார்; படைப்பள்ளியில் தலைமையாசிரியராகவும் இருந்தவர். தாயார் பீமாபாய். மாணவர்கள் நினைவில் கொள்ள ஒரு சுவையான செய்தி: பிறந்த நாள் 14, பெற்றோர்க்கு அவர் பதினான்காம் பிள்ளை, பௌத்தம் தழுவிய நாள் 1956 அக்டோபர் 14. மற்றொன்று: அமெரிக்காவில் அடிமை முறையை ஒழித்த சட்டத்திருத்தம் நிறைவேறிய நாள் 1865 டிசம்பர் 6, அண்ணல் மறைந்ததும் 1956-ஆம் ஆண்டின் அதே டிசம்பர் 6. சித்திரை முதல் நாளும் இக்காலத்தில் பெரும்பாலும் ஏப்ரல் 14-இல் வருகின்றது. ஆனால் ஞாயிறு மேட ராசியில் புகும் அந்நாள் ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் ஆங்கில நாட்காட்டியில் தள்ளிப் போகும். ஆதலால் இவ்விரண்டும் என்றும் இணைந்தே இருக்கும் என்று எண்ணற்க. தமிழ்நாடு அரசு 2022-ஆம் ஆண்டில் அண்ணலின் பிறந்த நாளைச் சமத்துவ நாள் என அறிவித்தது. அதற்குப் பொருத்தமான மற்றொரு செய்தியும் உண்டு. மாந்தரின் மரபணுத் தொகுதியைப் படித்தறியும் பெருந்திட்டம் நிறைவுற்றதாக அறிவியலார் அறிவித்தது 2003-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள். எந்த இரு மனிதரை எடுத்துக்கொண்டாலும் அத்தொகுதியில் ஏறத்தாழ 99.9 விழுக்காடு ஒன்றே என்பது அறிவியல் கண்ட முடிவு.

இத்தகைய பொருத்தங்கள் நினைவுக்குத் துணை செய்வன, அவ்வளவே. அண்ணலின் பெருமை எண்ணில் இல்லை. அவர் வாழ்வில் எமக்கு மிகவும் உரியதாகத் தோன்றும் நாள் மற்றொன்று. அது 1900-ஆம் ஆண்டு நவம்பர் 7. அன்றுதான் சாத்தாராவில் அரசு உயர்நிலைப் பள்ளியின் பதிவேட்டில், 1914 என்னும் வரிசை எண்ணுக்கு நேரே 'பிவா' என்னும் பெயர் எழுதப்பட்டது. அவ்வகுப்பில் அச்சிறுவன் தனியே ஒரு கோணியின்மேல் அமர்த்தப்பட்டான். ஏவலர் வந்து ஊற்றினாலன்றித் தண்ணீர் இல்லை. ஏவலர் வாராத நாளில் தாகத்தோடு வீடு திரும்பினான். வகுப்பறை அவனைத் தள்ளி வைத்தது. ஆனால் பதிவேட்டில் அவன் பெயர் மற்றவர் பெயர்களோடு ஒரே ஏட்டில், ஒரே மையில் நின்றது. 2017-இல் மராட்டிய அரசு அந்நாளை மாணவர் நாள் என அறிவித்தது. மாணவர் ஒருவர் பள்ளியிற் சேர்ந்த நாளே ஒரு மாநிலத்தின் திருநாளாயிற்று என்றால், பதிவேட்டில் ஒரு வரிக்கு எத்துணை ஆற்றல் என்பதை உணர்தல் வேண்டும்.

அன்பர்களே! இப்போது நம் பதிவேட்டிற்கு வருவோம்.

நம் சேரிகளில் ஐம்பது வயது கடந்தோரின் பள்ளிச் சான்றிதழ்களைத் திரட்டிப் பாருங்கள். பிறந்த நாள் என்னும் இடத்தில் பெரும்பாலும் ஜூன் முதல் நாளோ, மே மாதத்து ஏதேனும் ஒரு நாளோ இருக்கும். நம் தாய்மார் அனைவரும் கோடை முடிவில்தான் பிள்ளை பெற்றனரோ? இல்லை. ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும். பிள்ளையை அழைத்து வருவர். ஆசிரியர் அப்பிள்ளையை வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக்காதைத் தொடச் சொல்வார். விரல் காதைத் தொட்டால் ஐந்து வயது நிறைந்தது என்று பொருள். உடனே ஒரு நாள் எழுதப்படும். காதைத் தொட்ட நாளே பிறந்த நாள்! எம் சான்றிதழிலும் ஜூன் முதல் நாளே உள்ளது. குறுவை அறுத்துக் களத்தில் கட்டடித்துக்கொண்டிருந்த நாளில் எம்மைப் பெற்றதாக எம் அன்னையார் கூறுவார். குறுவை அறுவடைக்கும் ஜூன் மாதத்துக்கும் என்ன தொடர்பு? எமக்கு நாள் எழுதிய ஆசிரியர் கொடியவர் அல்லர்; நல்லவர். சேர்த்துக்கொண்டாரே என்று எம் பெற்றோர் அவரைக் கைகூப்பித் தொழுதனர்.

இதுவரை பிறரைப் பற்றிக் கூறினோம். இனி எம் பிழையையும் கூறுதல் கடன். ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்கு முன்னர், யாம் ஒரு தொடக்கப்பள்ளியில் இடைநிலை ஆசிரியராக இருந்தோம். ஒரு ஜூன் மாதக் காலையில் நம் மக்களுள் ஒரு தாய் தம் மகனை அழைத்து வந்தார். கூட்டம் மிகுதி, பிறப்புச் சான்றிதழ் இல்லை. யாமும் காதைத் தொடச் சொன்னோம். சிறுவன் எளிதில் தொட்டான். ஆறு வயது நிறைந்திருக்கும் என்று மதிப்பிட்டு ஜூன் 1 என்று எழுதினோம். அந்தத் தாய் ஏதோ கூற வாயெடுத்தார். அடுத்த பிள்ளையை அழைத்துவிட்டோம்.

அச்சிறுவன் படித்தான், பட்டம் பெற்றான். பின்னர் ஓர் அரசுப் பணிக்குத் தேர்வு எழுத முனைந்தபோது, வயது வரம்பு கணக்கிடப்படும் ஜூலை முதல் நாளில் ஒரு மாதம் கடந்துவிட்டது என்பதால் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. தாயும் மகனும் எம்மைத் தேடி வந்தனர். "தீபாவளிக்கு மறுநாள் பொழுது விடியப் பொறந்தவன் சார் இவன். அன்னைக்கே சொல்ல வந்தேன்" என்றார் அந்த அம்மையார். அவ்வாண்டுத் தீபாவளி எந்நாள் என்பதைப் பழைய பஞ்சாங்கத்தில் ஒரு நொடியில் கண்டிருக்கலாம். ஐந்து மாதத்திற்கும் மேற்பட்ட வயது எம் பேனா முனையில் கூடிவிட்டது. திருத்துதற்குரிய காலமும் கடந்துவிட்டது. யாம் எழுதிய ஒரு வரி ஓர் இளைஞனின் வாயிலை அடைத்தது. எமக்கு நாள் எழுதியவர் ஊர்ப் பெரியவர் வீட்டிலிருந்து வந்தவர். அவன் நாளை எழுதிய யாமோ அவன் தெருவிலிருந்து சென்றவர். ஆயினும் கேட்காமல் எழுதும் வழக்கம் இருவர்க்கும் ஒன்றாகவே இருந்தது.

அந்த மாணவியின் வினாவுக்கு விடை அன்றுதான் எமக்குத் தெளிவாயிற்று. நம் மக்களுக்கு நாள் இல்லாமல் இல்லை. தீபாவளிக்கு மறுநாள், குறுவை அறுத்த நாள், பெருவெள்ளம் வந்த மூன்றாம் நாள் என்று நம் தாய்மார் நெஞ்சில் நாட்கள் நிறைந்துள்ளன. இல்லாதிருந்தது ஒன்றே: அவர்களைக் கேட்டு எழுதும் கை.

கேட்டு எழுதும் கை கிடைத்த இடத்தில் நம் வரலாறும் நின்றிருக்கின்றது. இரட்டைமலை சீனிவாசனார் பிறந்த ஆண்டு 1859 என்பாரும் 1860 என்பாரும் உளர். ஆனால் அவர் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கியது 1893 அக்டோபர் என்பதில் ஐயமில்லை. ஏனெனில் அஃது அச்சில் உள்ளது. அயோத்திதாசப் பண்டிதரின் 'ஒரு பைசாத் தமிழன்' 1907 சூன் 19-இல் வெளிவந்தது என்பதிலும் ஐயமில்லை. பிறர் எழுதாமல் விட்டதைத் தாமே எழுதியவர்கள் அவர்கள்.

ஆகவே இவ்வெள்ளி விழாவில் சங்கத்தின்முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம்.

முதலாவது, பிறப்புப் பதிவு. குழந்தை பிறந்த 21 நாட்களுக்குள் பதிவு செய்தல் வேண்டும். 2023 அக்டோபர் 1-ஆம் நாள் முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதலிய பலவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே பிறந்த நாளுக்குச் சான்று எனச் சட்டம் திருத்தப்பட்டுள்ளது. காதைத் தொட்டுச் சேரும் காலம் முடிந்தது. நம் தெருவில் சான்றிதழ் இல்லாத குழந்தை ஒன்றேனும் உண்டா என்று சங்க இளைஞர்கள் இம்மாதத்திற்குள் வீடு வீடாகச் சென்று கேட்டல் வேண்டும். பெயரும் எழுத்தும் பிழையின்றி உள்ளனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடுக.

இரண்டாவது, நாளேடு. சங்கத்தில் கெட்டியான அட்டை போட்ட ஓர் ஏடு வைப்போம். இவ்வூரில் நம் மக்களுள் முதன்முதல் பள்ளியிற் சேர்ந்தவர் யார், பத்தாம் வகுப்பு முதலில் தேறியவர் யார், முதல் பட்டதாரிப் பெண் யார், பொதுக்குழாயில் நம் குடம் முதலில் வைக்கப்பட்டது எந்நாள், இச்சங்கத்திற்கு முதல் நன்கொடை கொடுத்தவர் யார் என்பனவற்றை எழுதுவோம். சார்லட் ஸ்காட் கொடுத்த ஐந்து டாலர் வரலாற்றில் நின்றது, எவரோ ஒருவர் எழுதி வைத்ததனால். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு நாட்கூலியைக் கொடுத்து இச்சங்கத்தில் உறுப்பினரான மூதாட்டியர் இக்கூட்டத்திலும் அமர்ந்துள்ளனர். அவர்களைக் கேட்பதற்கு இன்னும் காலம் இருக்கின்றது, நெடுங்காலம் இல்லை.

மூன்றாவது, உண்மை. கேள்விப்பட்டதையெல்லாம் எழுதிவிடலாகாது. ஒரு நாளை எழுதுமுன் இருவரைக் கேளுங்கள். பத்திரம், ரசீது, புகைப்படத்தின் பின்புறம் உள்ள குறிப்பு, பஞ்சாங்கம் ஆகியவற்றோடு ஒத்துப் பாருங்கள். சுடப்பட்ட நாள் வேறு, இறந்த நாள் வேறு என்று லிங்கன் திறத்தில் காட்டும் கருத்தினை, நம் பாட்டனார் திறத்திலும் காட்டுதல் வேண்டும். நாம் பொய்யாக ஒன்றை எழுதினால், மெய்யாக எழுதிய பத்தும் ஐயத்திற்கு இடமாகும்.

மாணவச் செல்வங்களே! ஏப்ரல் 14-இல் நிகழ்ந்தவற்றை மனப்பாடம் செய்யுங்கள். தேர்வுக்கும் வினாடி வினாவுக்கும் உதவும். ஆனால் அத்துடன் நின்றுவிடாதீர்கள். இன்றிரவு வீட்டிற்குச் சென்றதும் உங்கள் பாட்டியிடம், 'நீ எப்போது பிறந்தாய்?' என்று கேளுங்கள். 'அது யாருக்குத் தெரியும்' என்பார். விடாமல் கேளுங்கள். மழையா, வெயிலா, நடவா, அறுப்பா, எந்தத் திருவிழாவுக்கு முன், எந்தத் திருவிழாவுக்குப் பின் என்று கேளுங்கள். அவர் கூறுவதை அவர் சொற்களிலேயே எழுதி வாருங்கள்.

எம் பள்ளியில் அம்முறையை இப்போது தொடங்கியுள்ளோம். கரும்பலகையில் நான்கு வரி உலகச் செய்தி. ஐந்தாம் வரி நம் ஊர்ச் செய்தி. முதல் நாள் அந்த ஐந்தாம் வரியை எழுதியவள், வினாக் கேட்ட அந்த மாணவியே. தன் பாட்டி நாற்றங்காலில் வேலை செய்துகொண்டே முதியோர் கல்வி வகுப்பில் கையெழுத்துப் போடக் கற்ற ஆண்டினை அவள் எழுதினாள். நாள் தெரியவில்லை, ஆண்டு மட்டுமே தெரிந்தது. ஆண்டை மட்டுமே எழுதினாள். அதுவே நேர்மை.

நிறைவாக ஒன்று. யாம் நாள் தவறி எழுதிய அந்த இளைஞர் இப்போது வேறு பணியில் உள்ளார். சென்ற ஆண்டு தம் மகளைச் சேர்க்க எம் பள்ளி இணைந்த தொடக்கப்பள்ளிக்கு வந்திருந்தார். எம்மைக் கண்டதும் பையிலிருந்து ஓர் உறையை எடுத்து, மடிப்பு விழாத பிறப்புச் சான்றிதழை மேசைமேல் வைத்து, "பார்த்து எழுதச் சொல்லுங்கள், ஐயா" என்றார். அவர் குரலில் சினம் இல்லை. யாம் எழுந்து நின்று, பதிவேட்டில் அந்நாள் எழுதப்படும்வரை அருகிலேயே இருந்து, எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்த்தோம்.

அவ்வாறே இச்சங்கமும், நம் பிள்ளைகள் ஒவ்வொருவரின் நாளும் பெயரும் பிழையின்றி எழுதப்படும்வரை அருகில் நின்று பார்த்துக்கொள்ளும் என்னும் நம்பிக்கையுடன் அமைகின்றோம்.